ஒரு பெயர் விடுபட்ட தீர்மானம்

செல்வராஜ் அண்ணாவை எனக்குப் பதினாறு வருடங்களாகத் தெரியும். காங்கேயத்துக்காரர். அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு டெலிகாம் கம்பெனியின் டெஸ்ட் லேபில் வேலை பார்க்கிறார். நான் அதே கட்டிடத்தில் இரண்டாவது மாடி. அவர் தொண்ணூற்றெட்டில் சேர்ந்த பிறகு கம்பெனியின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. அவருடைய இருக்கை மாறவில்லை. மனைவி வசந்தாமணி, மகன் முகிலன், மகள் ஓவியா. முகிலன் இப்போது இல்லை. அதிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இருநூறு குடும்பங்கள் சேர்ந்த ஒரு தமிழ் மன்றம் உண்டு. அண்ணா அதற்கு ஆறு வருடம் தலைவர். விதிப்படி இரண்டு வருடம்தான். ஒவ்வொரு முறை முடியும்போதும் பொதுக்குழுவில் எழுந்து, "போதுங்க, வேற யாராச்சும் பாத்துக்கங்க" என்பார். நாங்கள் விட மாட்டோம். கெஞ்சுவோம். கடைசியில், தலையில் யாரோ மூட்டையை ஏற்றி வைத்ததுபோல ஒரு முகத்தோடு ஒத்துக்கொள்வார். உண்மையிலேயே விலக நினைக்கிறாரா, கெஞ்ச வேண்டும் என்று நினைக்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

கமிட்டியில் எட்டுப் பேர். நான் செயலாளர், மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுவது என் வேலை. எந்த விஷயம் வந்தாலும் அண்ணா முதலில் எல்லோரிடமும் கருத்துக் கேட்பார். நாங்கள் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். ஒரு தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது. "இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூட சொந்தமா ஒண்ணு தோணாதுங்களா?" என்றார். அடுத்த கூட்டத்தில் கிட்டுசாமி அதை நம்பி, விழா மண்டபம் விஷயத்தில் அவரை மறுத்துப் பேசினார். அதற்குப் பிறகு அண்ணா மூன்று வாரம் கிட்டுசாமியின் போனை எடுக்கவில்லை. அதோடு நாங்கள் பாடம் கற்றுக்கொண்டோம். அவர் கெட்டவர் இல்லை. யாருக்கு வேலை போனாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் அவர் இருக்கும் அறையில் எங்களுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. முகிலனுக்கு இருபத்துமூன்று வயது. ஆஸ்டினில் நண்பர்களைப் பார்த்துவிட்டு ஃப்ரீவேயில் திரும்பி வந்துகொண்டிருந்தான். கூட ஷ்ரேயஸ் இருந்தான். ஷ்ரேயஸ், பிச்சுமணி சாரின் ஒரே மகன். அவர்களும் எங்கள் மன்றத்துக் குடும்பம்தான், சென்னைக்காரர்கள். பையன்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மழை. வண்டி சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. முகிலன் அந்த இடத்திலேயே போய்விட்டான். ஷ்ரேயஸ் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போனான்.

வண்டியை ஓட்டியது முகிலன். அந்த மழையில் எண்பத்தைந்து மைல் வேகத்தில் போயிருக்கிறான் என்று போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்தது. அது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முகிலனின் தகனத்துக்கு முப்பது பேர்கூட வரவில்லை. ஷ்ரேயஸின் தகனத்தில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். இரண்டுக்கும் போனவர்கள் ஐந்தாறு பேர் இருப்போம். எங்கே எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தின் மீட்டிங் ரூமில் பொங்கல் விழாக் கூட்டம் ஏற்கனவே போட்டிருந்தது. ரத்துசெய்யலாமா என்று நான் அண்ணாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். சரியாகப் பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஃபைலோடு வந்தார். நாங்கள் மேஜையில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். "எதுக்கு நிக்கறீங்க, அவங்கவங்க இடத்துல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். கமிட்டியில் இருந்த ஹம்சா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணா அவர் பக்கம் டிஷ்யூ டப்பாவை நகர்த்திவிட்டு நிகழ்ச்சி நிரலைப் படிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது விஷயம் இரங்கல் தீர்மானம். மன்றத்துக் குடும்பத்தில் யார் இறந்தாலும் விழாவில் பெயரைப் படித்து ஒரு நிமிடம் மௌனம் இருப்பது எங்கள் வழக்கம். ஹம்சாதான் அதைச் சேர்த்திருந்தார். பேசத் தொடங்கி பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பெயரா, இரண்டு பெயரா? இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் பிச்சுமணி சார் குடும்பம் எழுந்து போய்விடும் என்று எங்களுக்குள் முன்பே ஒரு பேச்சு இருந்தது. யார் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் அண்ணாவின் முகத்தைப் பார்த்தோம்.

அவர் ஃபைலைப் பார்த்தபடியே, "ஷ்ரேயஸ் பேரு மட்டும் போடுங்க" என்றார்.

நான் எழுதினேன். ஒருமனதாக நிறைவேறியது என்றும் எழுதினேன். அடுத்து பார்க்கிங் பற்றிப் பேச்சு வந்தது. போன வருடம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் புகார் செய்ததை அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

பொங்கல் விழாவில் தீர்மானத்தைப் படித்தது நான். வசந்தாமணி அக்காவும் ஓவியாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். அவர்களிடம் அண்ணா எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் ஷ்ரேயஸின் பெயரைப் படித்து நிறுத்தியதும் அக்கா என்னையே பார்த்தார். அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார். நான் காகிதத்தை மடித்தேன். எல்லோரும் எழுந்து நின்றோம். அக்காவும் நின்றார்.

காரில் ஏறியதும், "நீங்களா சொன்னீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார். அண்ணா ஆமாம் என்றிருக்கிறார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. அக்கா சமைத்தார், வேலைக்குப் போனார், வந்தார். முகிலனின் அறையைத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. நான் ஒருநாள் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது, மூன்று பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். என்ன படம் என்று கேட்டேன். மூவருக்கும் தெரியவில்லை.

ஓவியா அப்போது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விபத்துக்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஜனவரியில் புது செமஸ்டர் தொடங்கியும் வகுப்புக்குப் போகவில்லை. எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டாள்; ஒன்று மட்டும் மிச்சம். ரோம் வரலாறு, செவ்வாயும் வியாழனும் மதியம் ஒரு மணிக்கு. அண்ணா லஞ்ச் நேரத்தில் வீட்டுக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு கேம்பஸில் விடுவார். முதல் நாள் அவள் காரை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் அண்ணாவே போய்ப் பேராசிரியையைப் பார்த்தார். வயதான அம்மாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நீங்களும் வந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ஐம்பத்தேழு வயது டெஸ்ட் இன்ஜினியர், கம்பெனி பேட்ஜ் கழுத்தில் தொங்க, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் ரோம் வரலாறு கேட்க ஆரம்பித்தார்.

மதியம் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் கட்டிடத்தைச் சுற்றி நடப்பது பழைய வழக்கம். மகனைப் பற்றி அவர் பேச மாட்டார். நான் கேட்கவும் மாட்டேன். அதனால் வகுப்பில் கேட்டதைச் சொல்லத் தொடங்கினார். பிப்ரவரி கடைசியிலிருந்து பேச்சு முழுக்க டைபீரியஸ் என்ற ராஜாவைப் பற்றித்தான்.

டைபீரியஸ் ரோமின் இரண்டாவது சக்கரவர்த்தி. செனட் சபை அவனைப் பதவியேற்கச் சொல்லிக் கெஞ்சியதாம். அவன் எனக்கு வேண்டாம், பாரம் அதிகம் என்று இழுத்தானாம். கடைசியில் ஏற்றுக்கொண்டான். பிறகு எல்லாவற்றுக்கும் செனட்டிடம் கருத்துக் கேட்டான். மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்பான். சொன்னால் முகம் மாறும். ஒரு வழக்கில், நானே வெளிப்படையாக ஓட்டுப் போடுவேன் என்று அவன் சொன்னபோது, பிஸோ என்று ஒருவன் எழுந்து, நீங்கள் எப்போது ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டானாம். நீங்கள் முதலில் போட்டால் நான் உங்கள் பின்னால் போய்விடுவேன், நீங்கள் கடைசியில் போட்டால் நான் தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது என்றானாம். சபையை விட்டு வெளியே வரும்போதெல்லாம், இவர்கள் அடிமையாக இருக்கவே பிறந்தவர்கள் என்று டைபீரியஸ் முணுமுணுப்பானாம்.

"நம்ம கமிட்டி மாதிரியே இருந்துச்சுங்க" என்றார் அண்ணா. சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பார்க்கிங் லாட் முனைவரை நடந்தோம்.

அடுத்த வாரம் வகுப்பில் டைபீரியஸ் வீட்டுச் சாவுகள் வந்தன. டைபீரியஸின் தம்பி மகன் ஜெர்மானிக்கஸ். தன் மகனாகவே அவன் தத்தெடுத்திருந்தான். ஜனங்களுக்கு உயிர். கிழக்கே போன இடத்தில் இளம் வயதில் இறந்துபோனான். விஷம் வைத்தார்கள் என்று பேச்சு. பழி, சபையில் கேள்வி கேட்ட அதே பிஸோ மீது விழுந்தது. அவன் அப்போது அந்தப் பக்கத்து ஆளுநர், டைபீரியஸுக்கு வேண்டியவன். டைபீரியஸ் அந்த வழக்கைச் செனட்டிடமே கொடுத்துவிட்டு ஒன்றும் காட்டாத முகத்தோடு உட்கார்ந்திருந்தானாம். தீர்ப்பு வருவதற்குள் பிஸோ உயிரை விட்டுவிட்டான். செனட் அதோடு விடவில்லை. ஒரு நீளமான தீர்மானம் போட்டது. மாகாணங்களில் வெண்கலத் தகட்டில் பொறித்து நிறுத்தச் சொன்னது. அந்தத் தகடு ஸ்பெயினின் தெற்கே மண்ணுக்குள்ளிருந்து நம் காலத்தில் கிடைத்திருக்கிறது. ஓவியா செமஸ்டர் கட்டுரைக்கு அதைத்தான் எடுத்தாள்.

டைபீரியஸின் சொந்த மகன் டிரூசஸ் இறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அதை அண்ணா சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை, டைபீரியஸ் செனட்டுக்கு வந்துவிட்டானாம். அவைத் தலைவர்கள் துக்கத்துக்காகச் சாதாரண பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள் என்றானாம். அழுதவர்களுக்கு இவனே ஆறுதல் சொன்னானாம்.

"டீச்சர் கேட்டாங்க, அந்தாளுக்கு வருத்தமே இல்லையான்னு. பசங்க ஆளுக்கொண்ணு சொன்னாங்க. கல்லு மனசுன்னான் ஒருத்தன். நடிப்புன்னா ஒரு பொண்ணு. எனக்குத் தெரியும்ங்க. ஆனா கை தூக்கல."

"என்ன அண்ணா தெரியும்?"

"வேற எங்க போறதுன்னு தெரிஞ்சிருக்காது. கூட்டம் இருக்குதுன்னா அங்க போலாம்."

ஓவியா ஏப்ரல் கடைசியில் வகுப்பின் முன் நின்று பதினைந்து நிமிடம் பேசினாள். அதுவரை அந்த வகுப்பில் அவள் வாய் திறந்ததே இல்லை. கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தாள், நானும் படித்தேன். அந்தத் தீர்மானத்தில் செனட் அரச குடும்பத்தின் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. பாட்டி, தாய், மனைவி, சகோதரி எல்லோரும் அளவோடு துக்கப்பட்டார்கள் என்று நன்றி சொல்கிறது. சக்கரவர்த்தியையும் கேட்டுக்கொள்கிறது: துக்கத்தை முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு மகன்களுக்குப் பங்கிட்ட அக்கறை முழுவதையும் மிச்சமிருக்கும் மகனிடம் வையுங்கள் என்று. பிஸோவின் வீட்டுக்கு வேறு உத்தரவு. அவன் சிலைகளை எடுத்துவிட வேண்டும். ஒரு கல்வெட்டிலிருந்து பெயரைச் சுரண்டிவிட வேண்டும். வழக்கப்படி அவனுக்காக அழ வேண்டிய பெண்கள் அழக் கூடாது.

ஓவியா கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்களின் பெயர் தகட்டில் இல்லை. அவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்களா என்றும் தெரியாது. வீட்டுக்குள் எந்த அறையில், எந்த நேரத்தில் அழுதார்கள் என்பது யார் கணக்கிலும் இல்லை என்று சொன்னாளாம்.

காரில் ஏறியதும் அவள் சீட் பெல்ட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள். "அப்பா, அங்க செனட் டிசைட் பண்ணாங்க. நம்ம முகில் பேர எடுத்தது ஹூ?"

"நான்தான் கண்ணு."

"ஒய்?"

அண்ணா காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. இதை அவரே எனக்குச் சொன்னார், அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் ரெண்டு பேரும்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும்னு எழுதியிருப்பாங்க. தலைவர் சொல்லிட்டார்னு எழுதியிருப்பாங்க. அப்படி ஒண்ணு அவனுக்கு வேண்டாம்னு பட்டுது. அப்புறம் உண்மையச் சொன்னா எனக்கு எதுவுமே படல. அந்த ரூம்ல ஏசி சத்தம் போட்டுட்டே இருந்துச்சு, அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

ஓவியா சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் அக்காவிடம் சொன்னார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாராம். கேட்டு முடித்து, "நான் போயி நாகலக்ஷ்மியப் பாக்கோணும்னு எத்தன நாள் நெனச்சேன் தெரியுமா? நீங்களே பேர எடுத்துட்டீங்க, நான் என்னன்னு போயி நிக்கிறது?" என்றாராம். நாகலக்ஷ்மி, ஷ்ரேயஸின் அம்மா. ஐந்து மாதம் அக்கா அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

மே மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அண்ணா ராஜினாமாக் கடிதத்தை என் முன் வைத்தார். வழக்கம்போல ஒருவர் கெஞ்சத் தொடங்கினார். அண்ணா கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு, "பொங்கல்ல படிச்ச தீர்மானத்த நீங்க மறுபடி எடுத்துப் பேசுங்க. என்ன முடிவு பண்ணாலும் சரி. நான் இருந்தா பேச மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே ஏழு பேர். பார்ப்பதற்கு முகம் இல்லை. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள். கிட்டுசாமி, அந்தப் பையன் வேகமாக ஓட்டி இன்னொரு உயிரைக் கொன்றான், அதை மறைக்க முடியாது என்றார். ஹம்சா, செத்தவனைத் தண்டிக்க நாம் யார் என்றார். குரல் உயர்ந்து நூலகத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு வருடத்தில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஹம்சாதான் கேட்டார்: "பிச்சுமணி சார்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. பத்து நாள் துக்கத்தில் இருந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று அன்று விட்டுவிட்டோம், பிறகும் கேட்கவில்லை. அவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள் என்று நாங்களே நினைத்து, அதை அண்ணாவின் முன்னால் வைத்து, அவர் வாயால் வர வைத்தோம். நான் மினிட்ஸில் ஒருமனதாக என்று எழுதினேன்.

மறுநாள் ஹம்சாவும் நானும் போனோம். பிச்சுமணி சார் ஹாலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"என் பையன் பேரோட சேர்த்துப் போடாதேள். அது என்னால முடியாது. ஆனா அவனுக்குன்னு தனியாப் போடுங்கோ. பெத்தவா அழக்கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்? எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

நாகலக்ஷ்மி மாமி சமையலறை வாசலில் நின்றிருந்தார். "வசந்தாமணி வருவான்னு எதிர்பார்த்தேன்" என்றார். "வந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. கத்தியிருப்பேனோ என்னவோ. ஆனா வருவான்னு நெனச்சேன்."

ஜூனில் தனித் தீர்மானம் போட்டோம். மூன்று வரி. ஐந்து பேர் ஆதரவு, கிட்டுசாமி எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. அப்படியே எழுதினேன். பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணா வீட்டுக்குப் போனேன். அக்கா வாங்கி இரண்டு முறை படித்தார். "தேதி சரியாப் போட்டிருக்கீங்க" என்றார். அண்ணாவிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன். புளிக்குழம்பில் உப்பு இல்லை. நாலு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஆகஸ்டில் ஹம்சா, வசந்தாமணி அக்காவை அழைத்துக்கொண்டு நாகலக்ஷ்மி மாமி வீட்டுக்குப் போனார். ஹம்சா காரிலேயே இருந்துவிட்டார். அக்கா அரை மணி நேரம் உள்ளே இருந்தார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொன்னதில்லை. அதன் பிறகு ஒன்றிரண்டு முறை அக்கா தனியாகப் போயிருக்கிறார் என்று கேள்வி. அண்ணா போகவில்லை. பிச்சுமணி சாரும் அவரும் கோவிலில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஹம்சாதான் மன்றத் தலைவர். கூட்டம் சத்தமாக நடக்கிறது, நேரத்துக்கு முடிவதில்லை. ஓவியா இந்த வருடம் தானே கேம்பஸுக்கு ஓட்டிப் போகிறாள். ஃப்ரீவேயில் ஏறுவதில்லை, உள்ரோடு வழியாகத்தான்.

அண்ணாவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. டாக்டர், பிள்ளைகளை இழந்தவர்கள் கூடும் ஒரு குழுவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலங்களில் போகிறார். வட்டமாக நாற்காலி போட்டிருப்பார்களாம். தலைவர் என்று யாரும் கிடையாதாம். போன வாரம் நடக்கும்போது கேட்டேன், அங்கே ஏதாவது பேசுகிறீர்களா என்று.

"இல்லீங்க சேனாபதி. என் முறை வரும். நான் பேரச் சொல்லுவேன், முகிலன் அப்பான்னு. அதோட அடுத்தவங்களுக்கு விட்டுருவேன்" என்றார்.